சாயம் ஒட்டிய பெண் ஈக்கள்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள கலாவதிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டும் மாணிக்கவேல் என்ற பெயரில் ஆரம்பித்தன. கிழித்துவிட்டேன்.

கீர்த்தி சொன்னபடியே செய்யலாம் என்று முடிவெடுத்தேன். "ரெண்டு பேரும் போன எடுத்தா சண்டைதான் போடுறீங்க. மாம்பழ சீசன் முடியற வரைக்கும் லெட்டர் எழுதிக்கோங்கப்பா" என்றாள். நம் மகள் நம்மைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் மையத்தின் வண்டி வியாழன்தோறும் இங்கே வருகிறது. ஓட்டுநர் வேல்முருகனிடம் கொடுத்துவிட்டால் அன்று மாலையே உன் கைக்கு வந்துவிடும்.

வேலை பற்றி முதலில். நீங்கள் அனுப்பும் பழ ஈக் கூட்டுப்புழுக்கள் சேதமில்லாமல் வருகின்றன. மலட்டுத்தன்மைக்காகக் கதிர்வீச்சு காட்டி, அடையாளத்துக்காகச் சாயப்பொடி புரட்டி அனுப்புகிறீர்கள். இங்கே பட்டுக்காரர்கள் ராணி கலர் என்பார்களே, அந்த அடர் ரோஜா நிறம். தென்னேரியில் பூவம்மாள் தோப்பில் கூண்டு வைத்திருக்கிறேன். ஈக்கள் கூட்டுப்புழுவின் ஓட்டை உடைத்து வெளியே வந்து இறகு உலர்ந்ததும் திறந்துவிடுகிறேன். அவை காட்டு ஈக்களோடு இணைய வேண்டும், முட்டை பொரியாமல் போக வேண்டும். திட்டம் அவ்வளவுதான். பொறிகளில் விழும் ஈக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜவுளிக்கடையில் இரவல் வாங்கிய கள்ளநோட்டு பார்க்கும் விளக்கின் கீழ் வைத்துப் பார்க்கிறேன். ராணி கலரில் ஒளிர்ந்தால் உங்களுடையது. ஒளிராவிட்டால் காட்டு ஈ. இந்த எளிய வேலைக்கு என்னைப் போட்டது உங்கள் இயக்குநர் மாணிக்கவேலின் பெருந்தன்மை என்று நீ சொன்னாய். இருக்கலாம்.

வேல்முருகன் மாணிக்கவேலைப் பற்றிப் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். "அம்மாவும் பெரிய சாரும் ஒண்ணாதான் சார் சாப்புடுறாங்க. பெரிய சார் வூட்டுலேந்து கோயில் இட்லி வருது. அம்மா காஞ்சிபுரம் ஆச்சே, அதுக்கோசரம் ஸ்பெஷலா செய்யச் சொல்லியிருக்கறாரு."

கோயில் இட்லியைக் கிருஷ்ணகிரியில் யார் செய்கிறார்கள்? சுக்கு போடுகிறார்களா? மந்தாரை இலை அங்கே கிடைக்கிறதா? அறிந்துகொள்ளும் ஆவலில் மட்டுமே கேட்கிறேன்.

பேருந்து நிலையத்தில் நான் சொன்னது உனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் கூடையோடு இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தபோதுதான் என் குரல் உயர்ந்தது தெரிந்தது.

மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
நமச்சிவாயம்


கிருஷ்ணகிரி
17 ஏப்ரல் 2025

என்னங்க,

சுக்கு போடுகிறார்கள். மிளகு அதிகம். மந்தாரை இலை இல்லை, வாழை இலைதான். இட்லி கல் மாதிரி இருக்கிறது. மாணிக்கவேல் பல்செட் கட்டியவர், அவரும் கஷ்டப்பட்டுத்தான் சாப்பிடுகிறார். ஆவல் தீர்ந்ததா?

பேருந்து நிலையத்தில் நீங்கள் சொன்னது அந்தக் கூடைக்காரப் பெண்மணிக்குக் கேட்டது மட்டுமில்லை. அவர் என்னோடுதான் வண்டி ஏறினார். வாலாஜாபேட்டை வரைக்கும் விடவில்லை. "வுடும்மா, வயசானா ஆம்பளைங்க இப்படித்தான் எதையாவது பேசிக்கினு இருப்பாங்கோ" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். "போய் அவனுக்கே சமைத்துப் போடு" என்று அறுபத்தாறு வயதுக்காரியைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் மரபியல் படித்தவள், சமைத்துப் போட இங்கே வரவில்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். முன்பெல்லாம் ஆண், பெண் இரண்டையும் கலந்துதான் மலடாக்கி விடுவார்கள். பாதி உழைப்பு வீண். விட்ட ஆண், கூடவே விட்ட பெண்ணோடு சுற்றிவிட்டுக் காட்டுப் பெண்ணைத் தேடவே போகாது. விட்ட பெண் சும்மா இருக்காமல் பழத்தைக் குத்தி வடுவாக்கும். இப்போதுள்ள வகையில் பெண்ணின் கூட்டுப்புழு வெள்ளை, ஆணுடையது பழுப்பு. இயந்திரம் நிறம் பார்த்து வெள்ளையை எல்லாம் ஒதுக்கிவிடும். ஆண் மட்டும் உங்களிடம் வரும்.

எப்படி என்றால், வெள்ளை நிறம் ஒரு மரபணு பழுதானதால் வருவது. அதன் நல்ல நகலை, ஆணுக்கு மட்டுமே போகும் குரோமோசோமோடு பிணைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுத் தறியில் பழைய பாவு நூலின் முனையில் புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைப்பார்களே, அப்படி. பிணைத்தது பிரியாத வரைக்கும் ஆண் பழுப்பு, பெண் வெள்ளை. எங்கேயாவது ஒன்று பிரிந்தால் பழுப்புக் கூட்டில் பெண் பிறக்கும். இயந்திரத்துக்கு அது ஆண் என்றே தெரியும். தலைமுறைக்குத் தலைமுறை அப்படிப்பட்டவை பெருகினால் வகையே கெட்டுப்போகும்.

அதனால் ஒரு உதவி. நீங்கள் வைத்திருப்பது ஆண் ஈயை மட்டும் இழுக்கும் பொறி. வேல்முருகனிடம் இரை வைத்த பொறிகள் கொடுத்திருக்கிறேன். அதில் பெண்ணும் விழும். தோப்பில் கட்டுங்கள்.

மாணிக்கவேல் உங்களை விசாரித்தார். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கலா


பிள்ளையார்பாளையம்
8 மே 2025

அன்புள்ள கலாவதிக்கு,

என் ஸ்வெட்டரைப் பற்றி அவர் விசாரித்ததற்கு என் நன்றியைத் தெரிவிக்கவும். கோவையில் படிக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு அதே ஸ்வெட்டரைப் பற்றித்தான் சிரித்தார். பிறகு அவர் வீட்டிலிருந்து உன் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். உன் அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். எவ்வளவு காலம் யோசித்தார் என்று நான் இன்றுவரை உன்னிடம் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வேலைக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை தென்னேரிக்குப் போனபோது பூவம்மாள் கோபமாக இருந்தார். தோப்பு வாசலிலேயே நிறுத்தி, "இன்னா சார், ஈய ஒழிக்கறேன்னு சொல்லிட்டு வாராவாரம் ஈயக் கொண்டாந்து வுட்டுக்கினு கீறீங்க? இத்தப் பாருங்க" என்று ஒரு மாங்காயைக் கையில் கொடுத்தார். தோலில் ஊசி குத்தினாற்போல வடுக்கள். "எங்க மாமனாரு காலத்துல ஈ தானா வரும். இப்போ வண்டி வெச்சு வருது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

இரைப் பொறிகளில் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கின் கீழ் வைத்தேன். பெண் ஈக்கள் இருந்தன. அவற்றில் சில ராணி கலரில் ஒளிர்ந்தன.

இதன் பொருள் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சாயம் உங்கள் மையத்தில் மட்டும்தான் புரட்டப்படுகிறது. சாயம் உள்ள பெண் ஈ, உங்கள் மையத்திலிருந்து வந்த பெண் ஈ. பழுப்புக் கூட்டில் பெண் பிறந்திருக்கிறது. பிணைத்தது பிரிந்துவிட்டது. பூவம்மாளின் மாங்காயைக் குத்தியதும் அவையே.

எனக்கு இதில் எந்த மகிழ்ச்சியும் இல்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். உண்மையில் அன்று மாலை நான் காபியை இரண்டாம் முறை கலந்து குடித்தேன். மாணிக்கவேல் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் 'நாங்கள் உருவாக்கிய பிழையில்லாத வகை' என்று சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. அவர் வாழ்க்கையில் எதுவும் பிழையானதில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று என் வீட்டில் இருந்தது, இப்போது அவர் மையத்தில் இருக்கிறது.

விதிப்படி அறிக்கையைத் தயாரித்து மாணிக்கவேலுக்கும், திட்டத்தின் மதிப்பீட்டுக் குழுவுக்கும் நேற்று மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் குடும்ப உறவு அறிக்கையில் கலக்கக் கூடாது அல்லவா.

நான் செய்தது சரிதானே?

இப்படிக்கு,
நமச்சிவாயம்


கிருஷ்ணகிரி
10 மே 2025
(கூரியரில்)

வணக்கம்.

நேற்று குழுவின் உத்தரவு வந்தது. ஈ விடுவது நிறுத்தம். வகையைப் பெருக்கும் தாய்க் கூட்டத்தை வைத்திருக்கும் அறைக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். வகை கெட்டுவிட்டது என்று மாத முடிவுக்குள் உறுதியானால் மொத்தத்தையும் அழித்துவிட வேண்டும். முட்டை, புழு, கூடு, ஈ எல்லாவற்றையும். பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்க ஆள் வேண்டும். அந்த வயது எனக்கு இல்லை.

ஆமாம், எனக்கு. நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? கட்டிடம் மாணிக்கவேலுடையது. வண்டி, கையெழுத்து, பேட்டி எல்லாம் அவருடையது. அந்த வகை என்னுடையது. வெள்ளைக் கூட்டை முதலில் பிரித்து வளர்த்தது நான். பழுது எந்த மரபணுவில் என்று தேடியது நான். கதிர்வீச்சில் குரோமோசோம் உடைந்து, வேண்டிய துண்டு வேண்டிய இடத்தில் ஒட்டிய அந்த ஒரே ஒரு ஆண் ஈ கிடைக்கும் வரைக்கும் கலப்பு செய்துகொண்டே இருந்தது நான். பணி ஓய்வுக்கு முன்பே கல்லூரி ஆய்வகத்தில் ஆரம்பித்த வேலை. ஒவ்வொரு நாளும் அதை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து உங்களோடு சாப்பிட்டேன். "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்று நீங்கள் கேட்டதே இல்லை. மாணிக்கவேலோடு சாப்பிடுகிறேன் என்றதும் எத்தனை கேள்வி! இலை வாழையா மந்தாரையா என்பது வரைக்கும்.

குழுவில் யாரும் உங்கள் அறிக்கையைச் சந்தேகிக்கவில்லை. "நமச்சிவாயம் சார் எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார்களாம். மாணிக்கவேலும் அதையே சொன்னார். உங்கள் பெயருக்கு அவ்வளவு மதிப்பு.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேஸை அணைத்தோமா என்று தெருமுனை போய்த் திரும்பி வருபவர் நீங்கள். ஒரு ஈயின் இனப் பெயரை எழுதும் முன் அதன் இறகை எத்தனை கோணத்தில் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இவற்றை எத்தனை முறை பார்த்தீர்கள்?

கலாவதி


பிள்ளையார்பாளையம்
15 மே 2025

அன்புள்ள கலாவதிக்கு,

ஒரு முறை.

உன் கேள்வியைப் படித்ததும் வந்த பதில் இதுதான். இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவே இல்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தேகம் வராமல் ஒன்றை நம்பினேன். நான் கண்டது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அந்த ஈக்களை ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்றே எடுத்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மேசை அதிர்ந்தால் ஊசி பிசகும் என்பதால் அவர்கள் சாப்பிட நிறுத்தும் வரை காத்திருந்தேன்.

மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஓட்டை உடைத்து வெளியே வருவதற்கு ஈ தன் நெற்றியிலிருந்து ஒரு பையை ஊதித் தள்ளும். வெளியே வந்ததும் அந்தப் பை தலைக்குள் மடிந்துகொள்ளும், பிறகு ஆயுளுக்கும் திறக்காது. ஓட்டின் மேல் சாயப்பொடி இருந்திருந்தால் அதில் கொஞ்சம் பையோடு சேர்ந்து தலைக்குள் போய்விடும். உடம்பின் மேலுள்ள சாயம் எங்கிருந்தும் ஒட்டலாம். தலைக்குள் இருப்பது பிறப்போடு வந்தது. ஆகவே தலையைத் திறந்து பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது.

நான் தலையைத் திறக்கவில்லை. உடம்பில் சாயத்தைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன்.

இப்போது திறந்தேன். தலைகள் சுத்தமாக இருந்தன. சாயம் இருந்தது முதுகிலும், இறகுகளின் அடியிலும், வயிற்றின் பக்கவாட்டிலும்தான். ஆண் ஈ ஏறிப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் அவை. வயிற்றையும் திறந்தேன். கதிர்வீச்சு பட்ட பெண்ணுக்குச் சூலகம் வளராது. இவற்றில் முட்டை நிறைந்திருந்தது. இவை உங்கள் மையத்தில் பிறந்தவை அல்ல, தென்னேரியில் பிறந்த காட்டுப் பெண்கள். உங்கள் ஆண்களின் உடம்பிலிருந்து சாயம் இவற்றின் மேல் ஒட்டியிருக்கிறது.

அதாவது, உன் ஆண்களை அவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

அப்போதும் நம்பாமல் பூவம்மாள் தோப்புக்குப் போய் வடுப்பட்ட காய்களை வாங்கி வந்தேன். ("இத்த இன்னா பண்ணப் போற சார், ஊறுகா போடவா?" என்றார்.) வடுக்களின் அடியில் அறுத்துப் பார்த்தேன். மலட்டுப் பெண் குத்தியிருந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இங்கே முட்டைகள் இருந்தன. பொரியவில்லை, சுருங்கிக் கிடந்தன. ஒரு காயிலும் புழு இல்லை. இதைச் சொன்னபோது பூவம்மாள், "அப்போ நல்லதா கெட்டதா, அத்த சொல்லு" என்றார். நல்லது என்றேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரே ஒரு பெண் ஈயின் தலைக்குள் சாயம் இருந்தது. சூலகமும் இல்லை. அது உங்களுடையதுதான். ஒன்று பிரிந்திருக்கிறது. இதையும் சேர்த்துத் திருத்திய அறிக்கையைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். முந்தைய அறிக்கை என் பிழை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். தலைகளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

வகை உன்னுடையது என்று படித்தபோது என் பொறாமை அத்தோடு அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். அடங்கவில்லை. மாணிக்கவேலின் மேலிருந்து எழுந்து உன் மேல் வந்து உட்கார்ந்தது. அங்கேதான் அதற்கு வசதியாக இருக்கிறது போலும். நான் செத்த ஈக்களுக்கு ஊசி குத்திப் பெயர் எழுதினேன். நீ உயிருள்ள ஒன்றை உண்டாக்கியிருக்கிறாய். நீ தினமும் என்ன செய்தாய் என்று கேட்காமல் இருந்தது மறதியால் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாய் என்ற பயம்.

அறையின் பூட்டைத் திறந்துவிட்டார்களா? அதை மட்டுமாவது எழுது.

நமச்சிவாயம்


கிருஷ்ணகிரி
29 மே 2025

என்னங்க,

வேல்முருகன் இந்தக் கடிதத்தோடு கூட்டுப்புழுப் பெட்டிகளையும் கொண்டுவருகிறான். அதிலேயே புரிந்திருக்கும். பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

உங்கள் படங்களைக் குழுவில் சுற்றுக்கு விட்டார்களாம். மாணிக்கவேல் அவற்றை என்னிடம் காட்டி, "ஸ்வெட்டர்காரன் ஸ்வெட்டர்காரன்தான்மா" என்றார். பாராட்டுதான். அவருக்கு வேறு விதமாகப் பாராட்டத் தெரியாது. ஊருக்கே கேட்கும்படி 'என் பிழை' என்று எழுத அவரால் முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அந்த அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாட்களை உங்களுக்கு எழுதப் போவதில்லை. ஆனால் "கேட்டால் பதில் சொல்லிவிடுவாய் என்ற பயம்" என்ற வரியை நிறைய முறை படித்தேன். அதற்காக உங்களை மன்னித்தேன் என்று நினைக்க வேண்டாம். படித்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. இட்லி விஷயத்தை உங்களிடம் சொல்லச் சொல்லி வேல்முருகனை அனுப்பியதே நான்தான். "சும்மா பேச்சுவாக்குல சொல்ற மாதிரி சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தேன். "சார் கோச்சிக்கப் போறாரும்மா" என்று பயந்தான். கோபித்துக்கொண்டாலாவது இங்கே என்ன நடக்கிறது என்று கேட்பீர்களே என்று பார்த்தேன். கேட்டீர்கள். நான் நினைத்ததைவிட அதிகமாகவே நடந்துவிட்டது. அதில் என் பங்கும் இருக்கிறது.

இப்போது அந்த ஒரு பெண் ஈ. குழு அதைச் சும்மா விடவில்லை, நானும் விட மாட்டேன். தாய்க் கூட்டத்திலேயே வடிகட்ட வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டுப்புழுக்களை நிறம் பார்த்துப் பிரித்து, வெளியே வந்த ஈயைக் கையால் சரிபார்த்து, பழுப்புக் கூட்டிலிருந்து வந்த பெண்ணையும் வெள்ளைக் கூட்டிலிருந்து வந்த ஆணையும் எடுத்துவிட வேண்டும். இங்குள்ள பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் மத்தியானத்துக்குள் தாங்கள் பார்ப்பதை நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். நம்பிவிட்டால் ஒன்று தப்பிவிடும். எனக்கு எதையும் நம்பாத ஒருவர் வேண்டும். சரியாகப் பார்த்தோமா என்று எழுந்து வந்து மறுபடி பார்ப்பவர். வீட்டில் அந்தப் பழக்கம் எனக்கு எரிச்சல். இங்கே அது வேலை.

வருகிறீர்களா? மாணிக்கவேல் சம்மதித்துவிட்டார். அவருக்கு இங்கே ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை, ஒரே அறை. உங்களுக்கும் இடம் பார்க்கலாம்.

கலா


பிள்ளையார்பாளையம்
29 மே 2025

அன்புள்ள கலாவதிக்கு,

வேல்முருகன் டீ குடித்துவிட்டு, தென்னேரிக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கிவிட்டு வருவதற்குள் இதை எழுதுகிறேன். அவனிடம் இட்லி விஷயத்தைக் கேட்டேன். காதைப் பிடித்துக்கொண்டு, "அம்மா சொல்லித்தான் சார் சொன்னேன். நான் அந்த இட்லிய வாயில கூட வெச்சதில்ல" என்றான்.

வருகிறேன். அடுத்த வியாழக்கிழமை இந்த வண்டியிலேயே. தென்னேரிப் பொறிகளைப் பார்த்துக்கொள்ளப் பூவம்மாளின் மருமகள் போனிலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். விளக்கைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் பூதக்கண்ணாடியையும் ஊசிகளையும் எடுத்து வைத்துவிட்டேன். மந்தாரை இலை சின்னக் காஞ்சிபுரத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு கட்டு வரும். "கோயில் இட்லிக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். செய்முறையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

வந்தபின் உன்னிடம் தினமும் ஒன்று கேட்பேன். இன்றைக்கு என்ன செய்தாய் என்று. பதில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காதே. பழக எனக்குக் கொஞ்ச காலம் ஆகும்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வேல்முருகன் வண்டியைக் கிளப்பிவிட்டான், இனி யோசிக்க நேரமில்லை. நீ எழுதியிருந்தாயே, ஒரே அறை, இரண்டு மேசை என்று.

அந்த இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட இடம் இருக்குமா?

நமச்சிவாயம்